அரங்கப் பாட்டும் ஆட்டப் பொருத்தமும்: ஒரு விசாரணை

மனிதன் ஆராயத் தகாத விஷயமென்று உலகில் ஒன்றுமே இல்லை என்பதற்கு நம் முன்னோர் இயற்றி வைத்துள்ள நூல்களே போதிய சாட்சி. பல்லி எந்த அங்கத்தில் விழுந்தால் என்ன பலன் என்பதற்கு ஒரு சாஸ்திரம் உண்டு. கனவு எந்த ஜாமத்தில் கண்டதென்பதைக் கொண்டு அது பலிக்கும் காலத்தை அறுதியிடும் நூல் உண்டு. வீட்டின் அகலம் இத்தனை அடியானால் அதில் குடியிருப்பவன் இன்ன கதி அடைவான் என்று அடியடியாகச் சொல்லும் மனையடி சாஸ்திரமும் உண்டு. இத்தனையும் செய்தவர்கள், சீமை நாடக மேடையில் பிறந்த ஒரு பாட்டை, பிரபலஸ்தர்கள் ஜோடி கட்டி ஆடும் தொலைக்காட்சிப் போட்டிக்கு எவ்வாறு தேர்ந்தெடுப்பது என்பதைப் பற்றி ஒரு சூத்திரமேனும் எழுதாமல் போனது, அக்காலத்தில் தொலைக்காட்சி இல்லாத ஒரே காரணத்தினால்தான் என்று கருதுகிறோம். அக்குறையை நிவர்த்திக்கும் பொருட்டே இச்சிறு விசாரணை எழுதப்படுகிறது.

ஆராயப் புகுந்த பொருள் இன்னதென்று முதலில் வரையறுப்பது முறை. இங்கிலாந்தில் பிபிசி நிறுவனம் 2004ஆம் ஆண்டு மே மாதம் தொடங்கி நடத்திவரும் ‘ஸ்ட்ரிக்ட்லி கம் டான்சிங்’ என்ற நிகழ்ச்சியில், நடிகர், செய்தி வாசிப்பவர், ஓய்வு பெற்ற விளையாட்டு வீரர் முதலானோர், அதாவது நடனம் தவிர மற்றெதனாலோ பெயர் பெற்றோர், ஆளுக்கொரு தேர்ந்த நடனக்காரருடன் சேர்ந்து வாராவாரம் ஆடுகிறார்கள். நடுவர் நால்வர், ஆளுக்குப் பத்து வீதம் உச்ச மதிப்பெண் 40. பொதுஜனங்களின் வாக்கும் இதனோடு கூட்டப்பட்டு, அடியில் தங்கும் இரண்டு ஜோடிகள் மீண்டும் ஆட, அவற்றுள் ஒன்று வெளியேறும். 2005இலும் 2006இலும் அடுத்தடுத்துக் கோப்பையைக் கொண்டுபோனவர்கள் டேரன் காஃப், மார்க் ராம்பிரகாஷ் என்ற இரு கிரிக்கெட் ஆட்டக்காரர்கள் என்பதைக் கண்டு, ஐந்து நாள் வெயிலில் நின்று பழகியவனுக்கு ஒன்றரை நிமிஷ ஆட்டம் ஒரு பொருட்டல்ல என்று சிலர் சித்தாந்தம் செய்வதுண்டு. அந்த வாதத்தில் நாம் இப்போது இறங்கவில்லை.

இந்தப் போட்டியில் ஒரு வாரத்தை ‘இசை நாடக வாரம்’ என்று ஒதுக்குவது வழக்கமாகிவிட்டது. அண்மைக் காலத்தில் அது இறுதிச் சுற்றுக்கு வெகு சமீபத்திலேயே வருகிறது. அன்றைக்கு எல்லா ஜோடிகளும் லண்டன், நியூயார்க் நாடக அரங்குகளில் பேர் பெற்ற பாட்டுகளுக்கே ஆட வேண்டும். அமெரிக்காவில் இதன் சகோதர நிகழ்ச்சி ‘பிராட்வே இரவு’ என்று ஒன்று வைத்துக்கொள்கிறது. மற்ற வாரங்களில் பாட்டுத் தேர்வு ஒரு சிரமம் என்றால், இந்த வாரத்தில் அது ஒரு சங்கடம். அந்தச் சங்கடத்தின் மூலத்தைக் கண்டுபிடிப்பதே நம் முதற்கடமை.

பால்ரூம் நடனம் என்பது ஆதியில் பாட்டைத் தேர்ந்தெடுக்கும் உரிமையே ஆடுபவருக்கு இல்லாத ஒரு கலை. 1920ஆம் ஆண்டு தொடங்கிய பிளாக்பூல் நடன விழாவில் போட்டியிடச் செல்கிறவர், வாத்தியக் குழு அடுத்து எதை எடுக்கும் என்பதை அறியாமலே களத்தில் இறங்குவார். வால்ட்ஸ் என்று அறிவித்தால் வால்ட்ஸ் வரும், எந்த வால்ட்ஸ் என்பது பகவானுக்கும் வாத்தியத் தலைவருக்கும் மட்டுமே தெரியும். ஆயினும் யாரும் கலங்குவதில்லை. காரணம், வேகம் மாறாது. 1922இல் உலகப் பட்டம் வென்ற விக்டர் சில்வெஸ்டர் என்ற ஆங்கிலேயர், நடனத்துக்கென்று கிடைக்கும் இசைத்தட்டுகளில் தாளம் ஒழுங்காக இல்லாததைக் கண்டு வெறுப்புற்று, 1935இல் தாமே ஒரு வாத்தியக் குழு அமைத்து, கறாரான காலப்பிரமாணத்தில், பெரும்பாலும் பாடகர் எவரும் இல்லாமல், தட்டுத் தட்டாக இசைத்துப் பதிவு செய்தார். பாடகர் இல்லாமையே அதன் சிறப்பு. தொண்டை இருக்கும் இடத்தில் உணர்ச்சி வரும். உணர்ச்சி வந்த இடத்தில் தாளம் இழுபடும். தாளம் இழுபட்ட இடத்தில் ஆடுபவளின் பாதத்தின்மேல் ஆடுபவனின் பாதம் விழும். இது பிரத்தியட்சப் பிரமாணம்.

இசை நாடகப் பாட்டோ இதற்கு நேர் விரோதமான நோக்கத்துக்காகப் பிறந்தது. கதாநாயகி விம்முவதற்கு அதில் இடம் விட்டிருப்பார்கள். கதாநாயகன் உச்ச ஸ்வரத்தில் நின்று கைதட்டலை எதிர்பார்ப்பதற்கு இடம் விட்டிருப்பார்கள். பாட்டின் நடுவே கதவு திறந்து வில்லன் வருவதற்கும் இடம் உண்டு. நடிகைக்கு மூச்சு வாங்கும் இடத்தில் தாளமும் உட்கார்ந்து மூச்சு வாங்கும். இப்படிப்பட்ட ஒன்றை எடுத்து, நிமிஷத்துக்கு இத்தனை ஆவர்த்தம் என்று கணக்குப் பிசகாமல் காலெடுத்து வைக்கும் ஒரு கலைக்குக் கட்டி வைப்பதென்றால், ஜாதகம் பார்க்காமல் முடியுமா?

ஆகவே இரு தரப்பாருக்கும் பொருத்தம் பார்க்கும் முறையே இங்குச் சாலச் சிறந்தது என்பது நம் துணிபு. கல்யாணத்துக்குப் பொருத்தம் பத்து. சர்வதேசப் போட்டி விதிகளில் அங்கீகரிக்கப்பட்ட ஆட்டங்களும் பத்தே: வால்ட்ஸ், டாங்கோ, வியென்னீஸ் வால்ட்ஸ், ஃபாக்ஸ்டிராட், குவிக்ஸ்டெப் என்று பால்ரூம் வகையில் ஐந்து. சா-சா-சா, சாம்பா, ரும்பா, பாஸோ டோப்ளே, ஜைவ் என்று லத்தீன் வகையில் ஐந்து. தொலைக்காட்சிக்காரர்கள் சார்ல்ஸ்டன், சால்சா, அர்ஜென்டீன் டாங்கோ என்று சிலவற்றைச் சேர்த்துக்கொண்டது பிற்கால இடைச்செருகல். பத்துக்குப் பத்து ஒத்திருப்பதைத் தற்செயல் என்று தள்ளுகிறவர்கள் ஆராய்ச்சிக்கு லாயக்கற்றவர்கள். ஆனால் ஜோதிடர்களே பத்தையும் பார்ப்பதில்லை. நாலைந்தைப் பார்த்துவிட்டு, தட்சிணையின் கனத்தைப் பொறுத்து மற்றவை உத்தமம் என்று எழுதிக் கொடுத்துவிடுவார்கள். நாமும் அந்தச் சம்பிரதாயத்தை மீறப் போவதில்லை.

முதலாவது கணப் பொருத்தம். இங்கு கணமாவது, பாட்டின் நடை. மேற்சொன்ன பத்தில் வால்ட்ஸ், வியென்னீஸ் வால்ட்ஸ் இரண்டு மட்டுமே திஸ்ர கணம், அதாவது மூன்று தட்டு. ஏனைய எட்டும் இரண்டு அல்லது நான்கு தட்டுக் கொண்ட சதுச்ர கணம். இந்த அளவில் அரங்கப் பாட்டுகள் நமக்குப் பெரிய தொல்லை கொடுப்பதில்லை. ரிச்சர்ட் ராட்ஜர்ஸ் என்ற மகானுபாவர் மூன்று தட்டிலேயே மூச்சுவிட்டவர். 1943இல் அவர் இசையமைத்த ‘ஓக்லஹோமா’ நாடகம் தொடங்குவதே ஒரு வால்ட்ஸ் பாட்டில்தான். 1959இல் வந்த ‘சவுண்ட் ஆஃப் மியூசிக்’ நாடகத்தில் ‘மை ஃபேவரிட் திங்ஸ்’, ‘எடெல்வைஸ்’ என்று இரண்டு திஸ்ரங்களை வைத்தார். ராட்ஜர்ஸின் தோழர் ஹாமர்ஸ்டைனிடம் பாடம் கேட்ட ஸ்டீஃபன் சோந்தைம், 1973இல் ‘எ லிட்டில் நைட் மியூசிக்’ என்ற நாடகம் முழுவதையும் ஏறக்குறைய மூன்றிலும் அதன் மடங்கிலுமே அமைத்துத் தீர்த்தார். ஆகையால் வால்ட்ஸுக்குப் பஞ்சமில்லை.

நடையைக் காதால் அறிவது எளிது. ஆனால் மெட்டைக் கேட்டு நடையை ஊகிப்பவன் ஏமாறுவான். இதற்கு மெரிடித் வில்சன் 1957இல் தந்த ‘தி மியூசிக் மேன்’ நாடகமே திருஷ்டாந்தம். அதில் எழுபத்தாறு டிராம்போன்களைப் பற்றிய ஓர் அணிவகுப்புப் பாட்டு வருகிறது. நாட்டுப்புற ஊர் ஒன்றுக்கு வந்து சேர்ந்த புரட்டுக்காரர் ஒருவர், இல்லாத வாத்தியக் கோஷ்டியை இருப்பதாகப் பாடி ஊரையே மயக்குகிறார். அதே நாடகத்தில் அவ்வூர் நூலகக் கன்னி, முகமறியாத காதலனுக்கு இரவு வணக்கம் சொல்லி மெல்லப் பாடும் தாலாட்டுப் போன்ற பாட்டு ஒன்று. இரண்டையும் தனித்தனியே கேட்டவன் இரண்டுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை என்று சத்தியம் செய்வான். உண்மையில் இரண்டும் ஒரே மெட்டு. அணிவகுப்பில் மும்மூன்று சிறு அட்சரங்கள் ஒரே காலடிக்குள் அடங்கி, இடது, வலது என்று விழுகின்றன. தாலாட்டில் ஒவ்வொன்றும் தனித்தனித் தட்டாக விரிந்து வால்ட்ஸ் ஆகிறது. நாடகத்தின் பிற்பகுதியில் இருவரும் ஒருவர் பாட்டை மற்றவர் மாற்றிப் பாடும்போதுதான் சபையோருக்கு விஷயம் விளங்குகிறது. காதல் வந்துவிட்டதென்பதும் விளங்குகிறது. இதிலிருந்து நாம் பெறும் சித்தாந்தம்: பாட்டின் கணம் ஸ்வரத்தில் இல்லை, எண்ணிக்கையில் இருக்கிறது. அணிவகுப்பைப் பாஸோ டோப்ளேக்குக் கொடுக்கலாம், இரண்டுக்கும் நிமிஷத்துக்கு ஏறக்குறைய 120 அடி. தாலாட்டை மெது வால்ட்ஸுக்குக் கொடுக்கலாம். ஒரே இரவில் இரண்டு ஜோடிகளுக்கும் இவற்றைக் கொடுத்துவிட்டு, ஒரே மெட்டுக்குத்தான் ஆடினோம் என்று கடைசிவரை அவர்களுக்குத் தெரியாமலே வைத்திருக்கலாம்.

இனி கணத்தில் அடங்காத பாட்டுகள். லெனர்ட் பெர்ன்ஸ்டைன் இசையமைத்து அதே 1957இல் அரங்கேறிய ‘வெஸ்ட் சைட் ஸ்டோரி’யில் ‘அமெரிக்கா’ என்ற பாட்டு இருக்கிறது. அதைக் கேட்டவுடன் எந்தத் தயாரிப்பாளருக்கும் நாக்கில் நீர் ஊறும். அவ்வளவு துள்ளல், அவ்வளவு பாவாடைச் சுழற்சி. ஆனால் நம்மூர் மிருதங்க வித்வான் ஒருவரை அழைத்து அதைக் காதில் போட்டால், ‘தகிட தகிட’ என்று ஓர் ஆவர்த்தமும், ‘தக தக தக’ என்று அடுத்த ஆவர்த்தமுமாக, ஆறு அட்சரத்தை ஒருமுறை மூன்று மூன்றாகவும் மறுமுறை இரண்டிரண்டாகவும் மாற்றி மாற்றிப் பிரித்திருப்பதை அரை நிமிஷத்தில் சொல்லிவிடுவார்; சொல்லிவிட்டு ரசிக்கவும் செய்வார். பால்ரூம் ஆசாமியின் கதியோ வேறு. முதல் ஆவர்த்தத்தில் இரண்டு அடி, அடுத்ததில் மூன்று அடி. பத்து ஆட்டங்களில் எதிலும் இப்படி ஒரு கால் கணக்கு இல்லை. ‘ஜீஸஸ் க்ரைஸ்ட் சூப்பர்ஸ்டா’ரில் லாயிட் வெப்பர் அமைத்த ‘எவ்ரிதிங்ஸ் ஆல்ரைட்’ இன்னும் ஒரு படி மேல். அது சுத்தமான கண்ட நடை, ‘தக தகிட’ என்று ஐந்து. ஐந்து தட்டுக்கு ஆட வேண்டுமானால் மனிதனுக்கு இரண்டரை கால் வேண்டும்.

இவையாவது வெளிப்படையான பகைவர்கள். நண்பனைப் போல் வந்து காலை வாரும் பாட்டு ஒன்று உண்டென்றால் அது, 1981இல் லண்டனில் அரங்கேறிய ‘கேட்ஸ்’ நாடகத்தின் ‘மெமரி’. பெரும்பாலும் ஆவர்த்தத்துக்குப் பன்னிரண்டு சிறு அட்சரம். பன்னிரண்டை மூன்றால் வகுத்தால் மீதியின்றி நான்கு வரும். ஆகவே வால்ட்ஸுக்கு ஏற்றதென்று நம்பி ஜோடி இறங்கும். நடுவில் சத்தமில்லாமல் பத்து அட்சரத்தில் ஓர் ஆவர்த்தம் வருகிறது. பத்தை மூன்றால் வகுத்தால் ஒன்று மிஞ்சும். அந்த ஒன்று மிஞ்சிய நேரத்தில், பட்டங்கள் பல பெற்ற நாடக நடிகர் ஒருவரின் வலது கால் அந்தரத்தில் நிற்கும். வீட்டில் டீ குடித்துக்கொண்டிருக்கும் ஜனங்கள் அதைத் தீர்க்கமான அபிநயம் என்று நினைத்துக்கொள்வார்கள். நல்ல வேளையாக, 2006 முதல் இந்நிகழ்ச்சியின் வாத்தியக் குழுவை நடத்திவரும் டேவ் ஆர்ச் போன்றோர், இத்தகைய இடங்களில் இரண்டு அட்சரத்தைக் கூட்டியோ ஒன்றை வெட்டியோ சமாதானம் செய்துவைக்க வல்லவர்கள். சீமையில் இசை வரிவடிவம் எழுதுகிறவருக்கு மரியாதை உண்டென்றால் காரணம் இதுவே.

இரண்டாவது ரஜ்ஜு. மற்றவை எல்லாம் பொருந்தி ரஜ்ஜு ஒன்று தட்டினாலும் கல்யாணத்தை நிறுத்திவிடுவார்கள். ஏனெனில் அது உயிர்ப் பிரச்சினை. நம் விசாரணையில் ரஜ்ஜுவாவது வேகம். மெது வால்ட்ஸுக்கு நிமிஷத்துக்கு 28 முதல் 30 ஆவர்த்தம். வியென்னீஸுக்கு 58 முதல் 60, அதாவது நிமிஷத்துக்கு 180 தட்டு. குவிக்ஸ்டெப்புக்கு 50க்கு மேல், நான்கால் பெருக்கினால் 200 தட்டு. ரும்பாவுக்கு 25 முதல் 27. தொலைக்காட்சியில் இதைச் சற்றே தளர்த்திக்கொள்வார்கள் என்றாலும், மெதுவானதற்கும் விரைவானதற்கும் உள்ள இடைவெளி இருந்தபடியே இருக்கும். நடை ஒன்றாயிருப்பதால் வேகமும் ஒத்துவரும் என்று எண்ணும் அவசரக்காரனுக்கு ‘எடெல்வைஸ்’ ஒரு பாடம். தன் தேசம் அந்நியர் கைக்குப் போனதைக் கண்ட ஒரு தகப்பன், மேடையில் நின்று, ஊர்ப் பூவைப் பாடும் சாக்கில் தேசத்துக்கு விடை சொல்லும் பாட்டு அது. ஹாமர்ஸ்டைன் இறப்பதற்கு முன் கடைசியாக எழுதிய பாட்டும் அதுவே. 30 ஆவர்த்தத்தில் ஆடினால் கண் கலங்கும். அதையே வியென்னீஸுக்குரிய 60இல் வைத்தால், ரயிலுக்கு நேரமாயிற்று, உறவினர் யாராவது பெட்டியைத் தூக்குங்கள் என்று அவர் அவசரப்படுவதாக முடியும். திஸ்ரம் இரண்டிலும் ஒன்றுதான், ரஜ்ஜு தட்டிவிட்டது.

மூன்றாவது, ஸ்திரீ தீர்க்கம். தீர்க்கமென்பது நீளம். இப்போட்டியில் ஓர் ஆட்டத்துக்குக் கிடைப்பது ஏறத்தாழ ஒன்றரை நிமிஷம். மெது வால்ட்ஸில் 45 ஆவர்த்தம், குவிக்ஸ்டெப்பில் 75, அவ்வளவே. அரங்கப் பாட்டுகளுக்கோ பழைய நாடக வழக்கப்படி முன்னால் ஒரு தொகையறா இருக்கும்; பேச்சிலிருந்து பாட்டுக்கு இறங்குவதற்குப் படிக்கட்டாகத் தாளமில்லாமல் இழுத்துப் பாடுவது. பல்லவி வருவதற்குள் ஒன்றரை நிமிஷத்தில் பாதி கழிந்துவிடும் என்பதால், தேர்வாளர் கையில் எடுக்க வேண்டிய முதல் ஆயுதம் கத்தரிக்கோல். 1975இல் காண்டர், எப் இருவரும் இயற்றிய ‘சிகாகோ’வில் ‘செல் பிளாக் டாங்கோ’ என்று ஒன்று உண்டு. சிறையில் இருக்கும் ஆறு பெண்கள், தங்கள் தங்கள் ஆண்களைக் கொன்றதாகச் சாட்டப்பட்ட வரலாற்றை வரிசையாகச் சொல்கிறார்கள். அவர்களில் ஒருத்தி முழுவதையும் ஹங்கேரிய மொழியிலேயே சொல்லிவிடுகிறாள். பெயரிலேயே டாங்கோ இருப்பதைக் கண்டு பரவசப்பட்டு இதை எடுக்கும் தயாரிப்பாளர், 90 வினாடியை ஆறால் வகுத்துப் பார்க்கட்டும். தலைக்குப் பதினைந்து வினாடி. ஒரு கொலைக்கு அது போதாது, மொழிபெயர்ப்பாளருக்கும் போதாது.

பெயரைப் பற்றிப் பேச்சு வந்துவிட்டது. ஆகவே நான்காவதாகிய வேதைக்கு, அதாவது பாட்டின் சொல்லால் வரும் இடையூற்றுக்கு, வருகிறோம். இசை நாடக வாரத்தில் நேரும் விபத்துகளில் பெரும்பாலானவை, பாட்டின் சொல்லை நம்பி ஆட்டத்தைத் தேர்ந்ததால் நேர்ந்தவையே என்பது நம் பிரதான வாதம். நடனத்தைப் பற்றிப் பேசும் பாட்டு நடனத்துக்கு ஏற்றது என்பதைப் போன்ற மயக்கம் வேறில்லை. 1956இல் வந்த ‘மை ஃபேர் லேடி’யில், இரவெல்லாம் ஆடியிருப்பேன் என்ற கருத்தில் கதாநாயகி எலிஸா பாடுகிற பிரசித்தமான பாட்டை எடுத்துக்கொள்வோம். அவள் அதைப் பாடும்போது ஆடிக்கொண்டா இருக்கிறாள்? வீட்டுக் காரியஸ்தி அவளைப் படுக்கையில் போய் விழு என்று விரட்டிக்கொண்டிருக்கிறாள். நேரம் நள்ளிரவு தாண்டிவிட்டது. பாட்டு முடிவதற்குள் அவள் தூங்கப் போக வேண்டும். உண்மையான ஆட்டம் அதற்கு முந்திய காட்சியில் நடந்துவிட்டது. உச்சரிப்பு சரிப்பட்ட சந்தோஷத்தில் பேராசிரியர் ஹிக்கின்ஸும் கர்னல் பிக்கரிங்கும் அவளும் டாங்கோ சாயலில் குதித்து ஓய்ந்தார்கள். ஆக, டாங்கோவுக்கு வேண்டுவோர் ஸ்பெயின் தேசத்து மழையைப் பற்றிய அந்த முந்திய பாட்டைத் தேட வேண்டுமே அல்லாது, ஆட்டம் என்ற சொல் வந்ததற்காகப் பிந்தியதைத் தேடக் கூடாது. 1951இல் வந்த ‘தி கிங் அண்ட் ஐ’யில் ஆடலாமா என்று கேட்கும் பாட்டு இன்னும் பெரிய மோசம்: அதற்கு ராஜாவும் ஆசிரியையும் ஆடுவது போல்க்கா; போல்க்கா நம் பத்தில் இல்லை. அழைப்பிதழ் கொடுத்துவிட்டுப் பந்தியில் இலை போடாத கதை.

இதன் மறுதலையும் கவனிக்கத் தக்கது. டாங்கோ என்ற சொல்லின் நிழல்கூடப் படாத பாட்டு சில சமயம் டாங்கோவாகவே பிறந்திருக்கும். 1954இல் வந்த ‘தி பஜாமா கேம்’ என்ற நாடகம் ஓர் இரவு உடைத் தொழிற்சாலையில் கூலி உயர்வு கேட்டு நடக்கும் தகராறைப் பற்றியது. அதில் ஓர் இருட்டு விடுதியைப் பற்றி வரும் ‘ஹெர்னாண்டோஸ் ஹைட்அவே’ நறுக்குத் தெறித்த டாங்கோ. மணிக்கு ஏழரை சதம் கூலி உயர்வு கேட்கும் கதைக்கு நடுவே டாங்கோ இருக்குமென்று எந்த அகராதி சொல்லும்? காதுதான் சொல்லும்.

ஐந்தாவதான வசியத்தைப் பற்றி விரிக்க வேண்டியதில்லை. ஜனங்கள் வாக்களிக்க வேண்டுமானால் பாட்டு அவர்கள் ஏற்கெனவே அறிந்ததாயிருக்க வேண்டும். 1986 முதல் லண்டனிலும், 1988 முதல் 2023 வரை நியூயார்க்கிலும் ஓடிய ‘ஃபாண்டம் ஆஃப் தி ஆபரா’வை அறியாத காது அரிது, அதன் ஆர்கன் ஒலி இறங்கத் தொடங்கியதுமே பாதி வாக்கு விழுந்துவிடும். ஆனால் முகமூடி போட்டுக்கொண்டு ஆடினால் முகபாவத்துக்கு மதிப்பெண் போட நடுவர் எதைப் பார்ப்பது என்ற கேள்வியை எவரும் கேட்பதாகத் தெரியவில்லை. நடுவர் ஆசனத்தில் அமர்ந்தவர்களும் சாமானியர்கள் அல்லர், முதல் தொடரிலிருந்து அமர்ந்திருந்த ஆர்லீன் ஃபிலிப்ஸ், 1984இல் நடிகர் எல்லோரையும் சக்கரக் காலணியில் ஓட விட்ட ‘ஸ்டார்லைட் எக்ஸ்பிரஸ்’ஸுக்கு நடனம் அமைத்தவர், கிரேக் ரெவல் ஹார்வுட் இசை நாடகங்களை இயக்குவதையே தொழிலாகக் கொண்டவர். அவர்கள் முன் அரங்கப் பாட்டுக்கு ஆடுவது கம்பராமாயணப் பிரசங்கியின் வீட்டுத் திண்ணையில் இராமாயணம் சொல்வதற்கு ஒப்பாகும்.

மற்றுமுள்ள பொருத்தங்களில் ராசி அதிபதி ஒன்றை மட்டும் சொல்லிவிடுகிறோம். பாட்டுக்கு அதிபதி அதன் உரிமையாளர். சீமைச் சட்டப்படி ஒரு பாட்டைத் தனியே பாடுவதற்கான உரிமை வேறு. அதை நாடகத்தின் உடையோடும் கதையோடும் நடித்துக் காட்டும் உரிமை வேறு. முன்னதற்குப் பொதுவாகக் கட்டணம் செலுத்திவிட்டால் போதும், பின்னதற்கு உடையவரிடம் தனியே அனுமதி கேட்க வேண்டும். ஆகவே பூனை வேஷத்தில் வாலை எவ்வளவு நீளம் தொங்க விடுவது என்பது தையற்காரர் மட்டும் தீர்மானிக்கும் விஷயமன்று, வக்கீலும் கலந்துகொள்கிறார்.

இங்கே பூர்வபட்சக்காரர் ஒருவர் எழுந்து, நாடக மேடைக்கும் நடனத்துக்கும் ஏதோ ஜன்மப் பகை இருப்பதுபோல் பேசுகிறீரே, பல ஆட்டங்கள் நாடகத்திலேயே அல்லவா பிறந்தன என்று சங்கை எழுப்பக்கூடும். எழுப்புவது நியாயமே. சார்ல்ஸ்டன் ஆட்டம் உலகமெங்கும் பரவியதற்கு, 1923இல் நியூயார்க்கில் ‘ரன்னின் வைல்ட்’ என்ற கறுப்பர் நாடகத்துக்காக ஜேம்ஸ் பி. ஜான்சன் அமைத்த பாட்டு முக்கிய காரணம். 1937இல் லண்டனில் ‘மீ அண்ட் மை கேர்ள்’ நாடகத்தில் வந்த ‘லாம்பெத் வாக்’ அந்நாட்டில் கட்டைவிரலை ஆட்டி நடக்காத ஆளே இல்லை என்னும்படி செய்தது. அவற்றுக்கும் முன் 1905இல் வியன்னாவில் லெஹார் தந்த ‘மெர்ரி விடோ’ பாதி ஐரோப்பாவை வால்ட்ஸில் சுழல விட்டது. போகிற போக்கில் நம் பக்கத்து விஷயமும் ஒன்று: 1999இல் ‘முதல்வன்’ படத்துக்காக ஏ. ஆர். ரகுமான் போட்ட ‘ஷக்கலக்க பேபி’, 2002இல் லண்டன் அப்பலோ விக்டோரியா அரங்கில் ‘பாம்பே ட்ரீம்ஸ்’ நாடகத்துக்குள் புகுந்து சீமைக் குடியுரிமை பெற்றுவிட்டது. ஆகவே சென்னையில் பிறந்த பாட்டும் சட்டப்படி இன்று அரங்கப் பாட்டே, இசை நாடக வாரத்தில் இடம் கேட்கும் தகுதி அதற்கும் உண்டு.

சங்கைக்குச் சமாதானம் வருமாறு. மேலே சொன்ன சார்ல்ஸ்டனும், லாம்பெத் வாக்கும், லெஹாரின் வால்ட்ஸும் மேடையில் பாடப்பட்டபோது, அங்கே பாத்திரங்கள் உண்மையாகவே ஆடிக்கொண்டிருந்தார்கள். பாட்டு ஆட்டத்தைப் பற்றி ஏங்கவில்லை, ஆட்டத்துக்காக வந்தது. அரங்கப் பாட்டுகளில் ஆட்டத்துக்காக வந்தவையும் உண்டு, ஆட்டத்தைப் பற்றி ஏங்குபவையும் உண்டு. முன்னவற்றை எடுத்துப் பின்னவற்றை விடுக என்பதே நாம் வகுக்கும் விதி. வார்த்தையைப் பார்த்து முடிவு கட்டுகிறவர் ஒருமுறையாவது பாட்டை வார்த்தையின்றி, வெறும் வாத்தியத்தில் கேட்க வேண்டும். நின்ற இடத்தில் கால் தானே எழுந்தால் எடுத்துக்கொள்ளலாம்.

இந்த விதியை அதன் எல்லைவரை கொண்டுசென்றால், உத்தமோத்தமமான தேர்வாக நிற்பது 1945இல் ராட்ஜர்ஸ் ‘காரௌசல்’ நாடகத்தின் தொடக்கத்தில் வைத்த வால்ட்ஸ். திரை விலகியதும் ஒரு பொருட்காட்சி, ராட்டினம் சுற்றுகிறது, காதலர்கள் முதன்முதலாகச் சந்திக்கிறார்கள், அத்தனையும் மௌன நடிப்பில், ஒரு சொல் இல்லாமல் நடந்தேறுகின்றன. சொல் இல்லாததால் வேதை இல்லை. வேதை இல்லாததால் ஜோடி பிழைக்கும். ஆனால் தயாரிப்பாளர்கள் இதற்கு இசையமாட்டார்கள் என்பதையும் நாம் அறிவோம். பாட ஒரு சொல்லும் இல்லாத இசையை எடுத்துவிட்டு, மாத முடிவில் பாடகர்களுக்கு எதற்காகச் சம்பளம் கொடுத்தோம் என்று கணக்கெழுதுவது அவர்களுக்குச் சிரமம்.

ஆகையால் நடைமுறைக்கு ஏற்ற இரண்டாந்தரத் தீர்ப்பாக ‘எடெல்வைஸ்’ஸைச் சிபாரிசு செய்கிறோம். தொகையறா கிடையாது; நடை சுத்தமான திஸ்ரம்; ஜனங்கள் அறிந்தது; ஒன்றரை நிமிஷத்துக்குள் அடங்கும். மெது வால்ட்ஸ், நிமிஷத்துக்கு 30 ஆவர்த்தம். வியென்னீஸுக்கு வேண்டுமென்று எவர் வந்து கேட்டாலும் கொடுக்கக் கூடாது.